அட்டைக்காரரும் பேண்டு மாஸ்டரும்

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் அதையே தேடுகிற வயசுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் காரியம் கைமீறிப் போய்விட்டது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் செஞ்சியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு காலத்தில் செஞ்சி பஜாரையே ஊதித் தள்ளிய பேண்டு செட்டு மாஸ்டர். இப்போது அவரிடம் மிச்சம் இருக்கிற ஒரே செட்டு பல்செட்டு. அவர் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்கு நடுவே, கண்ணாடி போட்டு மாட்டிய ஒரு பழைய இசைத்தட்டு அட்டை உண்டு. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு கறுப்பு முடிச்சு, கையில் மெல்லிசாய் ஒரு குச்சி, முகமெல்லாம் பல். பின்னால் வரிசையாய் ட்ரம்பெட்காரர்கள். அமெரிக்காவில் பேர் போன பேண்டு மாஸ்டராம். நிஜமாகவே பேர் போனவர்தான். அட்டையில் பேர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு அவர் எப்போதும் அட்டைக்காரர்.

என் மகள் சும்மா இராமல் அந்த அட்டையைப் போனில் படம் பிடித்துத் தேடினாள்.

"அப்பா, ஆள் கெடச்சிட்டாரு. பேரு, ஊரு, வாழ்க்கை வரலாறு எல்லாம் வருது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் பயம் உங்களுக்குப் பழக்கம்தான். முதலில் காது சூடாகும், அப்புறம் கை நடுங்கும், மூன்றாவது கட்டத்தை எழுதுவதற்கில்லை. போனைப் பிடுங்கி ஜேபியில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மாமா கட்டிலில் படுத்துக்கொண்டு, "இன்னா ஆச்சி அவனுக்கு?" என்று கேட்டது காதில் விழுந்தது. அத்தை, "வயிறு சரியில்லையாட்டம் இருக்குது," என்றாள். அந்தக் குடும்பத்தில் எனக்கு எப்போதும் அந்த மரியாதைதான்.

விஷயம் இதுதான். அட்டைக்காரரின் வாழ்க்கை வரலாற்றை எங்களுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர் மாமா. மாமா வாழ்ந்ததே அந்தக் கதையைப் பார்த்துத்தான். அதில் ஒரு வரிகூட நிஜமில்லை என்று படுத்த படுக்கையாக இருக்கிறவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இதில் ஏன் எனக்கு இத்தனை கலவரம் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், மாமாவுக்குப் பெண் பார்த்த அந்த ஒரு சீசனைச் சொல்ல வேண்டும்.

அப்போது மாமாவின் பேண்டு செட்டு திண்டிவனம் ரோட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏறினால் புளிவாசனை அடிக்கும். ட்ரம்பெட்டையும் கிளாரினெட்டின் வெண்கலக் கட்டைகளையும் புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்ப்பார்கள். கொடியில் சிவப்புக் கோட்டுகள் தொங்கும். தோளில் சரிகைக் குஞ்சம், அக்குளில் வியர்வை பூத்த வெள்ளை வட்டம். மாமாவுக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு, அட்டைக்காரர் மாதிரி. பள்ளிக்கூடம் விட்ட நாளெல்லாம் நானும் செட்டில் ஒரு ஆள். எனக்குக் கொடுத்தது கிலுகிலுப்பை, ரெண்டு கைக்கும் ரெண்டு. மற்ற வாத்தியங்கள் தப்பாய்ப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்; கிலுகிலுப்பை தப்பாய்ப் போனால் யாருக்கும் தெரியாது என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டையை மாமா புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி வந்திருந்தார். உள்ளே தட்டு கிடையாது. அந்த மனிதர் வாசித்து ஒரு சத்தம்கூட நாங்கள் கேட்டதில்லை. அது மாமாவுக்கு ரொம்ப வசதியாய்ப் போய்விட்டது.

"இவரு யாருன்னு நெனச்ச? மல்லாட்டக் காட்டுல பொறந்தவரு," என்பார். அமெரிக்காவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையுமா என்று நாங்கள் கேட்டதில்லை. பக்கத்துச் சிங்கவரத்தில் விளைகிறதே, போதாதா. "மொதல்ல சாவுக்குத்தான் ஊதுனாரு. மழ வந்தா அங்கயும் கோட்டு சாயம் போவும். அப்புறம் ஒரு நாளு இவரு ஊதறத பெரிய பெரிய ஆளுங்க கேட்டாங்க. அன்னியிலேர்ந்து இவரு பஸ்ல ஏறுனா எழுந்து எடம் குடுப்பாங்க." செட்டில் யாருக்காவது உதடு வெடித்திருந்தால், அந்த வாரம் அட்டைக்காரருக்கும் உதடு வெடிக்கும். யாருக்காவது வீட்டில் சண்டையென்றால், அட்டைக்காரரின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு பாட்டு சரியாக வராத நாளில், "அவருக்கும் இது வரல, மூணு மாசம் தண்ணி காட்டிச்சி," என்பார். எல்லோருக்கும் தெம்பு வந்துவிடும்.

செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலையைப் பார்த்து மாமா ட்ரம்பெட்டை நிமிர்த்தி ஊதினால், பாறைகளில் பட்டு சத்தம் கொஞ்சம் தாமதமாய்த் திரும்பி வரும். "பாத்தியா, ரெண்டாவது ட்ரம்பெட்டு. சம்பளம் கேக்காத ஆளு," என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்கவில்லை. வந்த இடங்களில் எல்லாம் பேண்டு செட்டு என்று கேட்டதும் வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வாசிக்கிறவன்தானே சாவுக்கும் வாசிக்கிறான். அம்மாவுக்கு அதே கவலை. தம்பிக்கு முன்நெற்றி ஏற ஆரம்பித்திருந்தது.

கடைசியில் மேல்மலையனூரில் அமாவாசைக்கு அமாவாசை குங்குமக் கடை போடுகிற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சீயமங்கலத்தில் ஒரு இடம் சொன்னார். பெண்ணின் அப்பாவைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "பையன் செஞ்சில பேண்டு மாஸ்டர். சொந்தக் கடை. கீழ எட்டு பேரு வேல செய்றாங்க. கல்யாண சீசன்ல மூச்சு வுட நேரம் கெடையாது."

ஒரு பொய் இல்லை. ஆனால் நம் ஊரில் ஊதுவதும் பேண்டு, காலில் மாட்டுவதும் பேண்டு. (மூன்றாவதாக ஒரு பேண்டும் உண்டு. அதுதான் என் பயத்தின் மூன்றாவது கட்டம்.) பெண்ணின் அப்பா, எங்களுக்குச் சீயமங்கலத்தார், காலில் மாட்டுவதைப் பிடித்துக்கொண்டார். செஞ்சி பஜாரில் எட்டு பேரை வைத்துப் பேண்டு தைக்கிற டெய்லர் மாஸ்டர்! பெண் பார்க்கப் போன அன்று, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த மாமாவின் காலைப் பார்த்து, "இது உங்க பேண்டுதானா?" என்று கேட்டார்.

செட்டைக் கேட்கிறார் என்று நினைத்து மாமா நெஞ்சை நிமிர்த்தி, "எங்க சொந்த பேண்டுங்க. யாருகிட்டயும் வாடகைக்கு எடுக்கறதில்ல," என்றார்.

சீயமங்கலத்தார் மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார். நிச்சயமும் நடந்துவிட்டது.

பிறகு பெண்ணுக்கு ரவிக்கை அளவு வாங்கிவர அம்மாவோடு நான் சீயமங்கலம் போனேன். அம்மா உள்ளே பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சீயமங்கலத்தார் என்னை வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போய், மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே காப்பிப்பொடி நிறத்தில் புதுத் துணி. கஞ்சி வாசனை.

"தம்பி, இத உங்க மாமாகிட்ட குடு. எனக்கு ஒரு பேண்டு தெக்கச் சொல்லு. நான் இது வரிக்கும் வேட்டிதான். கல்யாணத்தன்னிக்கி மாப்ள தெச்ச பேண்ட போட்டுக்கினு நிக்கணும்."

காது சூடாகிவிட்டது.

"எங்க நைனா காலத்துல," என்று துணியைத் தடவிக்கொண்டே சொன்னார், "முட்டிக்குக் கீழ துணி எறங்கக் கூடாது. தெருவுல நிக்க வெச்சிக் கேப்பாங்க. உங்க மாமா எறக்கித் தெக்கட்டும். குதிகால் வரிக்கும் எறக்கச் சொல்லு."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அந்தக் காலத்தில் துணி விலை அதிகம் போலிருக்கிறது, சிக்கனமாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல், "இப்பல்லாம் துணி சல்லிசுங்க," என்று அவருக்கு ஆறுதலும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி, டெய்லரு ஊட்டுப் புள்ளதான நீ. அளவெடு."

ஒரு சணல் கயிற்றைக் கையில் கொடுத்தார். வேறு பிள்ளையாய் இருந்தால், 'எங்க மாமா டெய்லர் இல்லீங்க' என்று சொல்லியிருக்கும். நான் அவர் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு ஒரு முடிச்சு, காலுக்கு ஒரு முடிச்சு, இன்னொன்று எதற்கென்றே தெரியாமல் ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு, "நல்ல ஒடம்புங்க, துணி ஒக்காரும்," என்றேன். கலவரம் முற்றினால் எனக்கு வாய் நீளும்.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவை வரவழைத்துச் சொன்னாள். மாமா துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளிக்கே போயி சொல்லிட்டு வந்துடறேன்க்கா."

"சொல்லு. சொல்லிட்டு, காலத்துக்கும் அந்த அட்டையக் கட்டிக்கினு குடும்பம் நடத்து," என்றாள் அம்மா. "கல்யாணம் முடியட்டும்டா. அப்புறம் அவுங்களே தெரிஞ்சிப்பாங்க. உன் கால்ல வுழறேன்."

என் நைனா மட்டும் நிதானமாக, "பேண்டு தெக்கக் கத்துக்கினா இன்னா? ஊதறதவிட அது சுளுவுதான," என்றார். மாமா சிரிக்கவில்லை. அன்றைக்கு அட்டைக்காரர் கதையும் சொல்லவில்லை. மறுநாள் செட்டைக் கூப்பிட்டு, தன் கல்யாணத்தில் பேண்டு கிடையாது என்று மட்டும் சொன்னார். கிளாரினெட்காரர் அவரைவிட மூத்தவர். "ஊருக்கெல்லாம் ஊதுறோம். எங்க மாஸ்டரு கல்யாணத்துக்கு நாங்க வாயப் பொத்திக்கினு வந்து துன்னுட்டுப் போவணுமா?" என்று கேட்டார். மாமா ட்ரம்பெட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மின்னுவதற்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை.

பேண்டை பஜாரில் ஒரு நிஜ டெய்லர் தைத்தார். கயிற்றைக் காட்டி, "இதுல இடுப்பு எது, கால் எது?" என்று அவர் கேட்டபோது எனக்கு எல்லா முடிச்சும் ஒரே மாதிரி தெரிந்தது. ஏதோ ஒன்றைக் காட்டினேன். பேண்டு சீயமங்கலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. பெரிய தெருவில் ஒரு பழைய வாத்தியார் காலமாகிவிட்டார். அவர் மகன் மாடியேறி வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார். பாக்கு வைத்தால் மாமா மறுக்க மாட்டார்.

நல்ல வெயில். ஊர்வலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நின்றன. மாமா வெள்ளைக் கோட்டும் இறகு வைத்த தொப்பியுமாய் முன்னால். பக்கத்தில் நான். நின்ற பஸ்களில் ஒன்று தேசூர் பக்கத்திலிருந்து வந்த பஸ். அதன் ஜன்னலில் சீயமங்கலத்தார்.

காது சூடானது. அடுத்து கை. இரண்டு கையிலும் கிலுகிலுப்பை. என் நடுக்கத்துக்கு அது தாளம் போட்டது, இரண்டு மடங்கு வேகத்தில். சைடு டிரம்காரர் ஏதோ மாஸ்டர் சொல்லித்தான் செய்கிறேன் என்று நினைத்து என்னோடு சேர்ந்துகொண்டார். பெரிய டிரம்மும் சேர்ந்தது. பாடை தூக்கினவர்கள் எப்போதும் தாளத்துக்கு நடக்கிறவர்கள். அவர்களும் எட்டி வைத்தார்கள். வாத்தியார் அவசரமாகப் போக ஆரம்பித்தார். நெருப்புச் சட்டியோடு அவர் மகன் பின்னால் ஓடி வந்தார்.

மாமா கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார், நான் பார்த்துக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார்.

தொப்பியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டிருந்தால் போதும். இறகும் சரிகையுமாய் இருக்கிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மாமா தொப்பியைக் கழற்றினார். கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னலுக்கு நேராய்ப் போய் நின்றார்.

"மாமா, நான்தான். பேண்டு மாஸ்டருன்னு சொன்னது இதான். தெக்கறதுக்கு எனக்குத் தெரியாது."

சீயமங்கலத்தார் பஸ்ஸிலிருந்து இறங்கினார். கல்யாணச் சாமான் வாங்க வந்தவர், ஒத்திகைக்காக அந்தக் காப்பிப்பொடி நிறப் பேண்டைப் போட்டு வந்திருந்தார். கீழே குதிகால் வரைக்கும் சரியாக இறங்கியிருந்தது. மேலே, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது யாரு தெச்சது?"

"பஜார் டெய்லருங்க."

"இடுப்பு லூசு."

"அளவு இவன் எடுத்ததுங்க," என்று மாமா என்னைக் காட்டினார். ஆபத்தில் என்னை மறக்காதவர்.

சீயமங்கலத்தார் சிரிக்கவில்லை. பாடையைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். "எங்க நைனா மேளம் அடிச்சாரு," என்றார். "ஊருல சாவு வுழுந்தா ஒரு ஆளு வந்து வாசல்ல நின்னு, டேய்னு ஒரு சத்தம் குடுப்பான். துன்னுக்கினு இருந்தாலும் எழுந்து ஓடுவாரு. ஜொரத்தோட ஓடியிருக்காரு. அவரு செத்தப்ப அந்த மேளத்தயும் கூடவே வெச்சிக் கொளுத்திட்டேன். என் ஊட்டுக்குள்ள இனிமே அந்தச் சத்தம் வரக் கூடாதுன்னு." நழுவிய பேண்டை மேலே இழுத்துக்கொண்டார். "உன்னிய எப்பிடிக் கூப்புடறாங்க?"

மாமா பதில் சொல்வதற்குள், நெருப்புச் சட்டியோடு மூச்சு வாங்க வந்து நின்றார் வாத்தியார் மகன். பெரிய தெருக்காரர், படித்தவர். "மாஸ்டர், இன்னாச்சி? ஒடம்பு எதனா சரியில்லையா? நாழியாவுது, வாங்க மாஸ்டர்," என்றார்.

சீயமங்கலத்தார் அந்த மனிதர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாமாவிடம், "போ. பொணத்த நடு ரோட்ல நிறுத்தாத," என்று மட்டும் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு சீயமங்கலத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா வாங்கி வைத்த கூறைப்புடவையை எடுத்து எடுத்துப் பார்த்து அழுதாள். என்னிடம் யாரும் கோபிக்கவில்லை. அதுவே எனக்குக் கலவரமாக இருந்தது. மாமா மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சத்தம் வராமல் ட்ரம்பெட்டின் கட்டைகளை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பார்.

"அட்டக்காரருக்கு இப்பிடி ஆச்சா மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியலடா," என்றார். அட்டைக்காரரைப் பற்றித் தெரியாது என்று அவர் சொன்னது அது ஒரு தடவைதான்.

ஒரு காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சீயமங்கலத்தார். அதே பேண்டு, இடுப்பில் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் ஒரு பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். கோட்டு மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் மாமா எதிரில் வந்து நின்று, தட்டை ரெண்டு கையாலும் நீட்டினார்.

"மாஸ்டர், என் பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க வந்து வாசிக்கணும்."

மாமாவுக்குக் கை வரவில்லை.

"எடுத்துக்கோப்பா, கை வலிக்குது," என்றார் அவர், மெதுவாக. "எங்க நைனாவுக்கு ஒருத்தனும் இத நீட்டல. நீட்டுனா எப்பிடி இருக்குதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

மாமா தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே குனிந்து அவர் காலில் விழப்போனார். தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் அதைப் பொறுக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மோந்து பார்த்தேன்.

கிளாரினெட்காரர்தான் தொண்டையைச் செருமினார். "பெரியவரே, ஒரு சங்கதி. அன்னிக்கி எங்க மாஸ்டரு மணையில இல்ல குந்தியிருப்பாரு?"

"அதுக்கின்னா? தாலியக் கட்டிட்டு எறங்கி வந்து ஊதட்டும்," என்றார் சீயமங்கலத்தார்.

செஞ்சியில் வைத்து அப்படித்தான் நடந்தது. மாமா மாலையும் பட்டு வேட்டியுமாய் இறங்கி வந்து ராஜகிரியைப் பார்த்து ஊதினார். மலையும் திருப்பி ஊதியது. சீயமங்கலத்தார் புது பெல்ட்டு போட்டு, செட்டுக்கு நேர் எதிரே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, குதிகால் தெரிய கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி. நான் கிலுகிலுப்பையை ஒழுங்காக ஆட்டினேன். யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கிலுகிலுப்பை எங்கே போயிற்றோ. தொப்பியின் இறகைப் பூச்சி அரித்துவிட்டது. வெகு காலம் கழித்து அத்தை ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னாள்: "காப்பி தட்ட நீட்டும்போதே நான் ஒதட்டப் பாத்துட்டேன். நடுவுல வட்டமா காச்சிப் போயிருந்திச்சி. பேண்டு தெக்கறவருக்கு வெரல்ல இல்ல காய்க்கணும்?"

"அப்பவே சொல்றதுதான அத்த?"

"யாரு என்னக் கேட்டாங்க?" என்றாள்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். கொல்லைப்பக்கம் நின்றுகொண்டு போனில் அட்டைக்காரர் வரலாற்றைப் படித்தேன். நீளமாய் இருந்தது. மல்லாட்டைக் காடு இல்லை. சாவுக்கு ஊதியதாகத் தெரியவில்லை. பஸ்ஸே வரவில்லை. இதை மறைத்துவிடலாமா, இல்லை பக்குவமாகச் சொல்லலாமா என்று உங்களைக் கேட்கத்தான் அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். காலையில் காபி குடிக்கும்போது என் மகள் முந்திக்கொண்டாள்.

"தாத்தா, உங்க அட்டக்காரரு பத்தி எல்லாம் போன்ல இருக்கு. படிக்கட்டுமா?"

என் டம்ளர் டபராவில் தாளம் போட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, "படி," என்றார். அவள் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். போர்வைக்கு மேல் மாமாவின் விரல்கள் மட்டும் ட்ரம்பெட் கட்டை அமுக்கிக்கொண்டிருந்தன. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அவரு மாமனாரு வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட்டத போட்டிருக்குதா?"

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இல்ல தாத்தா. அப்படி எதுவும் இல்ல."

"அப்ப அது வேற ஆளு," என்றார் மாமா, பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டே.